ஐந்து கம்பி, ஒரு காந்தம்

1981. மார்கழி மாதம். ஊருக்கு அப்போது மெட்ராஸ் என்று பெயர்.

இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியின் டிசம்பர் சீஸன் மேடையில் ஒரு பையன் வந்து உட்கார்ந்தான். 12 வயது. ஆந்திராவில் பாலக்கொல்லு என்ற ஊர்க்காரன். மடியில் இருந்தது வீணை இல்லை. வயலினும் இல்லை. கிட்டாருக்குக் கடைசித் தம்பி மாதிரி ஒரு குட்டி வாத்தியம். அதிலிருந்து ஒரு ஒயர் கிளம்பி ஒரு பெட்டிக்குள் போனது.

மாண்டலின். அதிலும் எலெக்ட்ரிக் மாண்டலின்!

மாண்டலின் என்றால் அன்றைக்கு நம் ஜனங்களுக்கு என்ன தெரியும்? சினிமாப் பாட்டுக்கு நடுவில் வரும். குளிரில் பல் தந்தியடிப்பது மாதிரி விடாமல் நடுங்கிக்கொண்டே வரும். காதலர்கள் படகில் போனால் அவசியம் வரும். அதில் போய் தோடியா? பைரவியா? என்ன விளையாடுகிறீர்களா?

அடுத்த சில வருடங்களில் அந்தப் பையன் யார் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. உப்பலபு ஸ்ரீனிவாஸ். நமக்கு ‘மாண்டலின்’ ஸ்ரீனிவாஸ். 1983-ல் பெர்லின் ஜாஸ் விழா. 1998-ல் பத்மஸ்ரீ. ஜான் மெக்லாஃப்லினோடும் ஜாகிர் உசேனோடும் உலக மேடைகள். 2014 செப்டம்பர் 19-ம் தேதி இதே சென்னையில் காலமானபோது அவருக்கு 45 வயதுதான்.

அவருடைய மேதைமையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அதை விட்டுவிடுவோம். இந்த வாரம் நாம் பார்க்கப்போவது அந்த வாத்தியத்தை. அதுவும் வெளியிலிருந்து இல்லை. கழற்றிப் பார்க்கப் போகிறோம். ஒரு எலெக்ட்ரிக் வாத்தியத்தில் எந்தப் பாகம் எந்தச் சத்தத்துக்குப் பொறுப்பு? கம்பியா? மரமா? காந்தமா? இந்த ஒரு கேள்விக்குப் பின்னால் தஞ்சாவூர் ஆசாரிகளின் பிழைப்பு வரைக்கும் சங்கதி இருக்கிறது. ஆகவே, ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கம்பி.

சாதாரண மாண்டலினில் எட்டுக் கம்பிகள். ஆனால் எட்டும் தனித்தனி இல்லை. இரண்டிரண்டாக நாலு ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் ஒரே சுருதி. இரண்டையும் சேர்த்துத்தான் மீட்ட வேண்டும். ஏன் ஜோடி? ஒற்றைக் கம்பியின் சத்தம் போதாது. அவ்வளவு சின்ன வாத்தியம். கம்பியின் நீளமே சுமார் 35 சென்டிமீட்டர்தான். கிட்டாரில் 65 சென்டிமீட்டர். வீணையில் இன்னும் அதிகம்.

கம்பி குட்டையாக இருப்பதில் ஒரு பெரிய சங்கடம். மீட்டியவுடன் ‘ணங்’ என்று ஒரு சத்தம் வரும். மறு விநாடி செத்துப்போய்விடும். சங்கீத பாஷையில் சொன்னால், கார்வை கிடையாது. அதனால்தான் மாண்டலின்காரர்கள் ஒரே ஸ்வரத்தைக் கை ஓயாமல் திரும்பத் திரும்ப மீட்டிக்கொண்டே இருப்பார்கள். அந்த நடுக்கத்தின் ரகசியம் இவ்வளவுதான். அது குளிர் இல்லை, வறுமை!

நான் படித்தது பி.காம். ஆகவே இதைக் கணக்குப் பிள்ளையின் பாஷையில் சொல்கிறேனே.

வயலின் வாசிப்பவர் வில்லைப் போட்டு இழுத்துக்கொண்டே இருக்கிறார். கம்பிக்குச் சக்தி வந்துகொண்டே இருக்கிறது. அது மாதச் சம்பளம். வீணை, கிட்டார், மாண்டலின் எல்லாம் அப்படி இல்லை. ஒரே ஒரு மீட்டு. ரிட்டையர் ஆகும்போது மொத்தமாக வரும் பிராவிடண்ட் ஃபண்ட் மாதிரி. அதற்குப் பிறகு வரவு கிடையாது. செலவு மட்டும்தான். கையில் இருப்பதைச் சீக்கிரம் செலவழித்தால் சத்தம் பெரிதாக இருக்கும், சீக்கிரம் தீர்ந்துவிடும். மெதுவாகச் செலவழித்தால் நீண்ட நேரம் வரும், ஆனால் பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காது.

குடைந்த உடம்புள்ள மாண்டலின் ஊதாரி. கம்பியின் சக்தியைப் பிடுங்கிக் காற்றில் வீசிவிடும். சத்தம் கிடைக்கும். கார்வை கிடைக்காது.

கார்வை இல்லாமல் கர்நாடக சங்கீதம் என்ன செய்யும்? ஒரு ஸ்வரத்தை மீட்டிவிட்டு, அந்த நாதம் உயிரோடு இருக்கும்போதே கம்பியை அசைக்க வேண்டும், இழுக்க வேண்டும், வழுக்க வேண்டும். அதுதான் கமகம். நாதமே போய்விட்டால் எதை அசைப்பது? தவிர, இன்னொரு தொந்தரவு. ஜோடிக் கம்பியை இழுத்தால் இரண்டும் இம்மி பிசகாமல் சேர்ந்து வர வேண்டும். ஒன்று கொஞ்சம் முந்தினாலும் அபஸ்வரம்.

ஸ்ரீனிவாஸின் குரு ருத்ரராஜு சுப்பராஜு. செம்பை வைத்தியநாத பாகவதரின் சிஷ்யர். வேடிக்கை என்னவென்றால், அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார். பையன் அதைக் கேட்டு அப்படியே வாசிக்க வேண்டும். அதாவது, பையன் காப்பியடிக்க வேண்டியது இன்னொரு மாண்டலினை அல்ல, ஒரு மனிதக் குரலை. குரலுக்கு ‘ணங்’ கிடையாது. இழுப்பும் குழைவும்தான்.

விடை இரண்டு மாற்றங்களில் இருந்தது. ஒன்று, ஜோடிகளைப் பிரித்து ஒற்றைக் கம்பிகள் ஆக்குவது. நாலு ஜோடிக்குப் பதிலாக ஐந்து தனிக் கம்பிகள். மேல் ஸ்தாயி, மத்திம ஸ்தாயி, கீழ் ஸ்தாயி மூன்றுக்கும் இடம் கிடைத்தது. இழுப்பதும் சுலபமானது. இரண்டு, எலெக்ட்ரிக் மாண்டலினுக்கு மாறுவது. உடம்பு கெட்டிப் பலகை. அது சக்தியைக் காற்றுக்கு வாரிக் கொடுக்காது. சிக்கனக்காரன். கம்பி நீண்ட நேரம் அதிர்ந்துகொண்டே இருக்கும். சத்தம் சின்னதாகத்தான் வரும். அதைப் பெரிதாக்க வேறொருவரை வேலைக்கு வைத்தாகிவிட்டது.

அவர் பெயர் காந்தம்.

அவர் எங்கிருந்து வந்தார் என்று தெரிந்துகொள்ளக் கொஞ்சம் அமெரிக்கா போய்விட்டு வரலாம். 1930-களின் தொடக்கம். ஜார்ஜ் போஷாம் என்று ஒரு கிட்டார்காரர். அவருடைய பிரச்னை எளிமையானது. பாண்டு வாத்தியக் கோஷ்டியில் கொம்புகளும் டிரம்ஸும் போடும் கூச்சலில் இவருடைய கிட்டார் யாருக்குமே கேட்கவில்லை. உடம்பைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். உலோகத்தில் செய்து பார்த்தார்கள். போதவில்லை. சரி, கம்பியின் அசைவை நேராக மின்சாரமாக மாற்றிவிட்டால் என்ன?

1931-ல் மாதிரி தயாரானது. 1932-ல் விற்பனைக்கு வந்தது. ரிக்கன்பேக்கருடன் சேர்ந்து அவர் கொண்டுவந்த அந்த வாத்தியத்துக்கு ஜனங்கள் வைத்த பெயர், ‘வாணலி’. வட்ட உடம்பு, நீளக் கைப்பிடி. தோசை வார்க்கலாம் போலத்தான் இருக்கும். மடியில் படுக்க வைத்து, கம்பிமேல் இரும்புக் கட்டையை வழுக்கி வாசிக்க வேண்டும். நம் ஊர்க் கோட்டுவாத்தியத்தின் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். காப்புரிமை கைக்கு வந்துசேர 1937 ஆகிவிட்டது.

அதன் இதயம்தான் பிக்கப். ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. ஒரு காந்தம். அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய தாமிரக் கம்பி, 7,000, 8,000 சுற்று. மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் கலைகிறது. கலைந்தால் தாமிரச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஃபாரடே என்று படித்துவிட்டு மறந்தோமே, அதுவேதான். பிறக்கும் மின்சாரம் துளியூண்டு. ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு. ஆம்ப்ளிஃபயர் அதைத் தூக்கி நிறுத்துகிறது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பிக்கப்புக்குக் காது கிடையாது. காற்றில் வரும் சத்தம் அதற்குக் கேட்காது. நீங்கள் அதன் முன்னால் நின்று பாடினால் அது பாட்டுக்குச் சும்மா இருக்கும். அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், எஃகுக் கம்பி அசைகிறதா இல்லையா. பித்தளைக் கம்பியைப் போட்டால் அதைச் சட்டையே செய்யாது. பின்னால் வீணைக்கு வரும்போது இது உதவும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காந்தத்தை எங்கே வைக்கிறோம் என்பதிலேயே பாதி நாதம் இருக்கிறது. கம்பி முழுதும் ஒரே மாதிரி அசைவதில்லை. நடுவில் தாராளமாக ஆடும். முனையில், அதாவது குதிரைப் பக்கத்தில், நெருக்கியடித்துக்கொண்டு சின்னச் சின்னதாக ஆடும். (கிட்டார்காரர்கள் பிரிட்ஜ் என்பார்கள். நம்மவர்கள் அதற்கு எப்போதோ குதிரை என்று பெயர் வைத்துவிட்டார்கள். கம்பிகள் சவாரி செய்கின்றன அல்லவா?) அங்கே அடிப்படை ஸ்வரத்தின் அசைவு கம்மி. மேல் ஸ்வரங்களின் பங்கு கூடுதல். ஆகவே குதிரைக்குப் பக்கத்தில் பிக்கப்பை வைத்தால் எலுமிச்சம்பழம் பிழிந்த மாதிரி கூர்மையான சத்தம். கழுத்துப் பக்கம் தள்ளி வைத்தால் நெய் விட்ட மாதிரி கனமான சத்தம். ஒரே கம்பி, ஒரே மீட்டு, நாலைந்து அங்குல வித்தியாசம். அவ்வளவுதான்!

1954-ல் ஃபெண்டர் கம்பெனி ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற கிட்டாரை வெளியிட்டபோது அதில் மூன்று பிக்கப்புகள் இருந்தன. தேர்ந்தெடுக்க ஒரு ஸ்விட்ச். மூன்று பிக்கப்புக்கு மூன்று நிலை. வாசிப்பவர்கள் சும்மா இருப்பார்களா? ஸ்விட்ச்சை இரண்டு நிலைக்கும் நடுவில் தொங்கலாக நிறுத்திப் பார்த்தார்கள். இரண்டு பிக்கப்புகள் ஒன்றாக வேலை செய்து புதிதாக ஒரு நாதம் வந்தது. கம்பெனி யோசிக்காத சத்தம். ஊர் முழுக்க இதே தில்லுமுல்லு. கடைசியில் 1977-ல் கம்பெனியே இறங்கிவந்து ஐந்து நிலை ஸ்விட்ச் போட்டுக் கொடுத்தது.

சரி, நாதம் நன்றாக வேண்டும் என்று காந்தத்தைக் கம்பிக்கு ரொம்பப் பக்கத்தில் ஏற்றிவிட்டால்? ஆபத்து. காந்தம் கம்பியைப் பிடித்து இழுக்கும். கார்வை குறையும், சுருதியும் குழம்பும். அளவோடு தள்ளி இருந்தால்தான் உறவு நிலைக்கும். இது காந்தத்துக்கு மட்டுமான விதி இல்லை என்று நீங்கள் சொல்லலாம்.

இன்னொரு வில்லன் உண்டு. மின்சார வாரியம்!

நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 100 தடவை திசை மாறுகிறது. ட்யூப் லைட் சோக், மின்விசிறி ரெகுலேட்டர், மேடை விளக்கு எல்லாமே தன்னைச் சுற்றி ஒரு காந்தப் புலத்தைக் கிளப்பிவிடுகின்றன. பிக்கப்புக்கு எது கம்பி, எது சோக் என்று தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்தே சுருட்டிக்கொள்ளும். விளைவு, வித்வான் எந்தச் சுருதி வைத்தாலும் பின்னணியில் ‘ம்ம்ம்ம்’ என்று மின்வாரியத்தின் சுருதி தனியாகக் கேட்கும்.

கிப்ஸன் கம்பெனி இன்ஜினீயர் ஸெத் லவர் 1955-ல் இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்துக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஒன்றுக்குப் பதில் இரண்டு சுருள். ஒன்றின் காந்தம் வடக்கு நோக்கி, இன்னொன்று தெற்கு நோக்கி. சுருள்களின் இணைப்பும் எதிரெதிர். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றில் கூட்டலாகவும் மற்றதில் கழித்தலாகவும் விழுந்து பூஜ்யமாகிவிடும். கம்பியின் சத்தத்துக்கு மட்டும் இரண்டு முறை தலைகீழ் ஆவதால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். டபுள் என்ட்ரி படித்தவர்களுக்கு உடனே புரியும். கான்ட்ரா என்ட்ரிதான்! 1957 முதல் கிட்டார்களில் இது வந்தது. இரைச்சல் போனது. கூடவே நாதத்தின் மினுமினுப்பும் கொஞ்சம் போனது. கனமான, உருண்டையான சத்தம். சிலருக்கு அதுவே பிடித்தது. சிலர், ‘இரைச்சல் இருந்தாலும் பரவாயில்லை, எனக்கு அந்த மினுமினுப்புதான் வேண்டும்’ என்று பழைய ஒற்றைச் சுருளிலேயே நின்றுவிட்டார்கள். இன்றுவரை இரண்டு கட்சி.

குமிழ்களையும் பார்த்துவிடலாம். வால்யூம் தெரியும். பக்கத்தில் டோன் என்று ஒன்று. அதன் பின்னால் மிளகு சைஸில் ஒரு கெபாசிட்டர். கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். குமிழைத் திருகினால், கீச்சென்ற மேல் சத்தங்களுக்கு மட்டும் கொல்லைப்புறக் கதவு திறக்கும். அவை அந்த வழியாக மண்ணுக்குள் போய்விடும். மிச்சம் இருப்பது மட்டும் வாசல் வழியாக ஆம்ப்ளிஃபயருக்கு வரும். வாத்தியத்திலிருந்து பெட்டிக்குப் போகும் ஒயரும் இதே வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது. ஒயர் நீள நீள மேல் சத்தம் மங்கும். லட்ச ரூபாய் கிட்டாரின் முகத்தை ஒரு மட்டமான நீள ஒயர் மாற்றிவிட முடியும்.

இனி, சண்டையான இடத்துக்கு வருவோம். மரம்.

கிட்டார்காரர்களை அடித்துக்கொள்ளச் செய்ய வேண்டுமா? ‘எலெக்ட்ரிக் கிட்டாரில் மரத்துக்கு என்ன வேலை?’ என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். போதும். ஒரு கட்சி, ‘மரம்தான் எல்லாம்’ என்னும். இன்னொரு கட்சி, ‘பிக்கப்புக்கு மரம் கேட்காதே’ என்னும்.

லெஸ் பால் என்ற கிட்டார் மேதை 1940-ஐ ஒட்டி ஒரு காரியம் செய்தார். நாலு அங்குலத்துக்கு நாலு அங்குலம் ஒரு பைன் மரக்கட்டை. அதில் பிக்கப், கம்பி, ஒரு கழுத்து. முடிந்தது. ‘கட்டை’ என்றே அதற்குப் பெயர். நன்றாகத்தான் ஒலித்தது. ஆனால், ஒரு கட்டையை மடியில் வைத்துக்கொண்டு வாசிப்பதை ஜனங்கள் ரசிக்கவில்லை. அவர் என்ன செய்தார்? ஒரு சாதாரண கிட்டாரின் உடம்பை இரண்டாகப் பிளந்து, கட்டையின் இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி ஒட்டினார். சத்தத்துக்கு அது தேவையே இல்லை. கண்ணுக்குத் தேவைப்பட்டது. ஜனங்கள் கண்ணாலும் கேட்கிறார்கள் என்று புரிந்துகொண்டார்.

நியாயமான தீர்ப்பு இதுதான். பிக்கப் பார்ப்பது கம்பியை மட்டும். மரம், கழுத்து, குதிரை எல்லாம் கம்பியின் அசைவை எந்த அளவுக்கு மாற்றுகின்றனவோ, அந்த அளவுக்கு மட்டுமே அவற்றுக்குச் சத்தத்தில் பங்கு. கெட்டிப் பலகை வாத்தியத்தில் அந்தப் பங்கு சின்னது. கம்பி, காந்தம், காந்தம் இருக்கும் இடம், இந்த மூன்றும்தான் பெரிய பங்குதாரர்கள்.

ஆனாலும் மரத்துக்காக உலகமே அடித்துக்கொள்கிறது. அதில் நம் பக்கத்து மலைகளுக்கும் சம்பந்தம் உண்டு. 1960-களின் இறுதியில் பிரேசில் நாட்டு ரோஸ்வுட் கட்டைகள் வருவது நின்றுபோனதும், அமெரிக்க கிட்டார் கம்பெனிகள் தேடிவந்தது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரத்தை. தாத்தா காலத்துக் கட்டிலும் பீரோவும் செய்தோமே, அதே ஈட்டி. 2017-ல் ரோஸ்வுட் இனம் முழுவதற்கும் சர்வதேச வணிகக் கட்டுப்பாடு வந்தது. கிட்டாரோடு எல்லை தாண்டுபவர்களும் விற்பவர்களும் அலறினார்கள். 2019-ல்தான் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்குக் கிடைத்தது.

இப்போது வீணைக்கு வரலாம். உண்மையில் இந்தக் கட்டுரையே வீணைக்காகத்தான்.

மரம் முக்கியம் இல்லை என்று கெட்டிப் பலகை கிட்டாரைப் பற்றிச் சொன்னால் சண்டையோடு போய்விடும். வீணையைப் பற்றிச் சொல்ல முடியுமா? பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரம். அதைக் குடைந்து குடம். தண்டி. முனையில் யாளி முகம். இன்னொரு பக்கம் தாங்கலுக்குச் சுரைக்குடுக்கை. மெழுகில் பதித்த 24 மெட்டுகள். வாசிக்க நாலு கம்பி, தாளத்துக்கு மூன்று கம்பி. தஞ்சாவூரில் ரகுநாத நாயக்கர் காலத்தில், 17-ம் நூற்றாண்டில், இன்றைய வடிவம் வந்தது என்பார்கள். 2013-ல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தியாவில் ஒரு வாத்தியத்துக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை.

இந்த வாத்தியத்தின் சூட்சுமத்தை விஞ்ஞானத்தில் எழுதிவைத்தவர் யார் தெரியுமா? சர் சி.வி.ராமன். சென்னை பிரசிடென்சி காலேஜ் மாணவர். 1907-ல் கல்கத்தாவுக்குப் போனது விஞ்ஞானியாக அல்ல, அரசாங்கத்தின் கணக்குத் துறை அதிகாரியாக! (எங்கள் ஜாதி.) ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி. அவருடைய மனைவி லோகசுந்தரி அம்மாள் வீணை வாசிப்பவர். 1921-ல் ராமன் இந்தியத் தந்தி வாத்தியங்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒளிச் சிதறலுக்கு நோபல் வாங்குவதற்கு ஒன்பது வருடம் முன்னால்.

அவர் கவனித்தது குதிரையை. கிட்டாரில் கம்பி ஒரு கூர்மையான விளிம்பில் போய் உட்காரும். வீணையிலும் தம்புராவிலும் அப்படி இல்லை. குதிரையின் மேல்பாகம் அகலமாக, லேசான வளைவோடு இருக்கும். வீணையில் அதன்மேல் உலோகத் தகடு. கம்பி அதிரும்போது அந்த வளைவைத் தொட்டுத் தொட்டு விலகும். மேற்கத்திய விதி என்ன சொல்கிறதென்றால், கம்பியை ஒரு குறிப்பிட்ட புள்ளியில் மீட்டினால், அங்கே அசையாமல் நிற்க வேண்டிய மேல் ஸ்வரங்கள் ஒலிக்கவே கூடாது. வீணையிலும் தம்புராவிலும் அவை ஜம்மென்று ஒலிக்கின்றன! விதியை வளைத்தது அந்த வளைந்த குதிரை. பட்டறையில் உட்கார்ந்து அரத்தால் தகட்டைத் தேய்த்துத் தேய்த்துப் பதம் பார்த்த ஆசாரிக்கு ஃபிஸிக்ஸ் தெரியாது. காது தெரியும்.

ராமன் இதை எழுதியபோது இதே ஊரில், ஜார்ஜ் டவுனில், வீணை தனம்மாள் வாசித்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டில் கூடுவார்கள். பெரிய பெரிய வித்வான்களே கீழே உட்கார்ந்து கேட்பார்கள். மெல்லிய நாதம். யாராவது இருமினால் ஒரு சங்கதி போச்சு. அந்த வீணைக்கு ஏற்ற சபை, ஓர் அறை. அவ்வளவுதான்.

தனம்மாள் 1938-ல் காலமானார். அந்த வருடங்களில்தான் சங்கீதம் அறையை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தது. மைக் வந்தது. சபாக்கள் பெருகின. மயிலாப்பூர், தியாகராய நகர் என்று மேடைகள். நூற்றுக்கணக்கான நாற்காலிகள். பாடகருக்கு மைக் வரப்பிரசாதம். வயலினும் மிருதங்கமும் சமாளித்துக்கொண்டன. வீணை? போஷாமுடைய கிட்டாருக்கு வந்த அதே கஷ்டம். மிருதங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் காணாமல் போனது. முன்னால் ஒரு மைக் வைத்தால் அது வீணையோடு மிருதங்கத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டது.

ஆகவே வீணையிலும் ஒயர் ஏறியது. இரண்டு வகை. ஒன்று, குதிரைப் பக்கத்திலோ குடத்தின் மேல் பலகையிலோ ஒட்டும் கான்டாக்ட் மைக். இது மரத்தின் அதிர்வையே வாங்கும். இன்னொன்று, கம்பிகளுக்கு அடியில் செருகும் காந்த பிக்கப். எலெக்ட்ரிக் கிட்டாருடைய அதே ஆசாமி.

இங்கேதான் முன்னால் சொன்னதை ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். காந்தத்துக்கு எஃகு மட்டும்தான் தெரியும். வீணையில் மேல் கம்பிகள் எஃகு. மந்தரக் கம்பிகள் பாரம்பரியமாகப் பித்தளை. காந்தம் வந்தால் மேல் ஸ்தாயி கணீர் என்று இருக்கும், கீழே இறங்கினால் பதுங்கும். சரி செய்ய வேண்டுமானால், உள்ளே எஃகு வைத்துச் சுற்றிய கம்பிக்கு மாற வேண்டும். கம்பி மாறினால் நாதம் மாறும். ஒரு பாகத்தைத் தொட்டால் இன்னொரு பாகம் வந்து கதவைத் தட்டும். எலெக்ட்ரிக் சமாசாரத்தின் இயல்பே அதுதான்.

இதில் நமக்குக் கிடைத்தது நிறைய. சத்தம் கிடைத்தது. கார்வை கிடைத்தது. மென்மையாக மீட்டினாலும் கடைசி வரிசைக்குக் கேட்கிறது. ஒரே மெட்டில் கம்பியை இழுத்து அடுக்கடுக்காக ஸ்வரங்கள் பேசவைப்பது வீணை எஸ்.பாலசந்தரின் பாணி. (ஆமாம், பாட்டே இல்லாமல் 1954-ல் ‘அந்த நாள்’ எடுத்தாரே, அவரேதான்.) அந்த மாதிரி நீண்ட இழுப்புகள் பெரிய சபையில் கடைசி மூச்சு வரைக்கும் கேட்க வேண்டுமென்றால் ஒயரின் தயவு வேண்டியிருக்கிறது. ஸ்ரீனிவாஸுக்குப் பக்கபலமாக இருந்ததும் அதுவே. எலெக்ட்ரிக் கிட்டாரிலேயே கர்நாடக சங்கீதம் வாசித்த சுகுமார் பிரசாத், அடையாறுக்குப் பக்கத்து ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் படிப்பு படித்துவிட்டுக் கிட்டாரைத் தூக்கிய பிரசன்னா, எல்லோருக்கும் அதுவே.

இழந்தது என்ன?

மாண்டலினில் ஸ்ரீனிவாஸ் எதையும் இழக்கவில்லை. அந்த வாத்தியத்துக்கு கர்நாடக சங்கீதத்தில் பழைய நாதம் என்று ஒன்று கிடையாதே. காந்தம் அவருக்கு ஒரு குரலைக் கொடுத்தது. வீணையின் கதை வேறு. அதற்கு ஏற்கெனவே ஒரு குரல் இருக்கிறது. அது பாதி கம்பியில், பாதி குடத்தில் இருக்கிறது. கம்பிக்கு அடியில் காந்தத்தைச் செருகிய நிமிஷத்தில், ஸ்பீக்கரைப் பொறுத்தவரை பலாக் குடத்துக்குப் பாதி வேலை போய்விட்டது. அது பாட்டுக்கு அதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. முதல் வரிசைக்காரர்களுக்குக் கொஞ்சம் கேட்கலாம். நமக்குக் கேட்பதில்லை. குதிரையின் வளைவாவது தப்பித்தது. அது கம்பியின் அசைவையே மாற்றுகிறது, ஆகவே காந்தத்துக்கும் அது தெரியும். ராமன் பார்த்தது பிழைத்துக்கொண்டது. ஆசாரி குடைந்தது அடங்கிப்போனது.

அப்படியானால் அடுத்த கேள்வி தானாக வந்துவிடுகிறது. கேட்கப் போவது கம்பியும் காந்தமும்தான் என்றால், பண்ருட்டிப் பலா எதற்கு? வாரக்கணக்கில் உட்கார்ந்து குடைவது எதற்கு? பெங்களூரின் ராடெல் நிறுவனம் சுரைக்குடுக்கையும் மெழுகும் இல்லாமல், கழற்றிப் பெட்டியில் போட்டு விமானத்தில் எடுத்துப் போகிற மாதிரி மின்னணு வீணையே செய்துவிட்டது. வெளிநாட்டுக்குப் போகும் வித்வானுக்கும், அமெரிக்காவில் கற்றுக்கொள்ளும் குழந்தைக்கும் அது பெரிய சகாயம். யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால், தஞ்சாவூர்ப் பட்டறையில் இருப்பவர் தன் மகனுக்கு இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும்போது, அவருடைய கணக்கில் இதுவும் ஒரு வரி.

புனிதம் கெட்டுவிட்டது என்று நான் ஒப்பாரி வைக்க வரவில்லை. அப்படிப் பார்த்தால், பாட்டுக் கச்சேரியில் 90 வருடமாக நாம் கேட்பதும் மைக் வழியாக வரும் குரல்தான். அதை யாரும் எலெக்ட்ரிக் குரல் என்று சொல்வதில்லை. வயலினே கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பாண்டிலிருந்து பாலுஸ்வாமி தீட்சிதர் எடுத்துவந்ததுதான். நம் சங்கீதம் புதிய சாமானுக்குப் பயந்தது கிடையாது.

கேட்பது ஒன்றே ஒன்றுதான். என்ன கேட்கிறோம் என்று தெரிந்து கேட்போம். அடுத்த டிசம்பரில் வாணி மகாலுக்கோ ம்யூசிக் அகாடமிக்கோ போவீர்கள். வீணைக் கச்சேரி இருந்தால் கேன்டீனுக்கு எழுந்து ஓடாமல் கொஞ்சம் முன்வரிசைக்குப் போங்கள். வித்வான் சுருதி சேர்க்கும்போது குனிந்து பாருங்கள். கம்பிகளுக்கு அடியில் பட்டையாக ஒன்று இருந்தால் அது காந்தம். நீங்கள் கேட்பது எஃகை. குதிரைப் பக்கத்தில் காசு மாதிரி ஒன்று ஒட்டியிருந்தால் அது கான்டாக்ட் மைக். மரம் கொஞ்சம் பேசும்.

பிறகு ஒரு நாள், தெரிந்தவர் வீட்டில் யாராவது வீணை கற்றுக்கொண்டிருந்தால் போய் உட்காருங்கள். மைக் இல்லாத சிறு கச்சேரிகளும் நகரத்தில் அவ்வப்போது நடக்கின்றன. மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள். செல்போனையும். இரண்டு நிமிடம் காது பழகட்டும். மெல்லத்தான் கேட்கும். அந்த மெல்லிய சத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு குதிரை, ஒரு பங்கு கம்பி, ஒரு பங்கு பலா மரம்.

மூன்றாவது பங்குதாரரை சபாவில் நீங்கள் சந்தித்திருக்க வாய்ப்பில்லை.